ரிப்ளை 1988: ஜங்வானுக்கு நடந்தது அநியாயமா இல்லையா? (முழுக்க ஸ்பாய்லர்)

ராத்திரி_ரெண்டுமணி:
மறுபடி முழுசா பார்த்து முடிச்சாச்சு, கோவம் அப்படியே இருக்கு, அதான் இந்த விவாதத்தை ஆரம்பிக்கிறேன். பார்க்காதவங்களுக்குச் சுருக்கமா: 2015 நவம்பர்ல ஆரம்பிச்சு 2016 ஜனவரில முடிஞ்ச 20 எபிசோட் கொரியன் தொடர், டிவிஎன் சேனல், டைரக்டர் ஷின் வோன்-ஹோ, எழுத்து லீ வூ-ஜங். சியோல்ல சங்முன்-டோங்னு ஒரு ஏரியா, ஒரே சந்துல அஞ்சு குடும்பம், ஒண்ணா வளர்ந்த அஞ்சு பசங்க, அதுல ஒரே பொண்ணு டொக்சன். அவ பின்னாடி யாரைக் கல்யாணம் பண்ணிக்கிட்டாங்கிறதுதான் கடைசி வரைக்கும் இழுக்கிற கேள்வி. முறைப்பா சுத்துற பக்கத்து வீட்டு ஜங்வானா, இல்ல பதுக்ங்கிற (கோ) பலகை ஆட்டத்துல நாட்டுக்கே சாம்பியனான அமைதிப் பையன் டேக்கா?

பதில் டேக். எனக்கு டேக் மேல ஒரு வருத்தமும் இல்ல, பார்க் போ-கம் நடிப்பும் அருமை. என் சண்டை எழுத்தாளர்கூட. ஏன்னா பாதித் தொடரை ஜங்வான் கண்ணு வழியா நம்மளைப் பார்க்க வச்சாங்க. காலைல ஸ்கூலுக்குக் கிளம்பாம வாசல்ல ஷூ லேசையே கட்டிட்டு இருப்பான், எதிர் வீட்டுக் கதவு திறக்கிற வரைக்கும். பஸ் கூட்டத்துல அவ மேல யாரும் இடிக்கக் கூடாதுன்னு ரெண்டு கையாலயும் கம்பியைப் பிடிச்சுட்டு நரம்பு புடைக்க நிப்பான். இதெல்லாம் டொக்சனுக்குத் தெரியாது, நமக்கு மட்டும்தான் தெரியும். இப்படி ஒருத்தனை நம்ம கையில குடுத்துட்டு, 18வது எபிசோட்ல மோதிரத்தை வச்சு மனசுல இருந்தது மொத்தத்தையும் சொல்ல வச்சு, அதையும் விளையாட்டுன்னு மாத்திட்டு, அடுத்த ரெண்டு எபிசோட்ல ஆளையே ஓரமா ஒதுக்கிட்டாங்க. கடைசி எபிசோட் 18.8 சதவீத ரேட்டிங், அந்த நேரத்துல கொரியன் கேபிள் டிவிக்கு அது சாதனை. அத்தனை பேரை உட்கார வச்சதுல பாதி ஜங்வானோட உழைப்பு, அவனுக்கு ஒரு ஒழுங்கான முடிவு கூட இல்ல.

சங்முன்டோங்வாசி:
ப்ரோ நீங்க எழுதினதுலயே பதில் இருக்கே, "டொக்சனுக்குத் தெரியாது"ன்னு நீங்களே சொல்லிட்டீங்க. தெரியாத ஒண்ணுக்கு அவ எப்படிக் கடன்படுவா?

அவ யாருன்னு முதல் எபிசோட்லயே போட்டு உடைச்சுட்டாங்க. ராத்திரி வீட்டுக்குள்ள கரிக்கட்டி அடுப்போட விஷ வாயு பரவுது, அப்பாவும் அம்மாவும் அக்கா போராவையும் தம்பியையும் வெளிய இழுத்துப் போட்டுட்டு உட்கார்ந்துடுறாங்க, நடுவுல இருந்தவளை மறந்தே போயிடுறாங்க, அவ தானா ஊர்ந்து வர்றா. அக்காவுக்கும் தம்பிக்கும் முட்டை, இவளுக்கு இல்ல. பிறந்தநாள் கேக் கூட அக்காவுக்கு வெட்டுனதுலயே மறுபடி மெழுகுவத்தி ஏத்தி ஒப்பேத்துறாங்க, அன்னைக்குத்தான் வெடிக்கிறா. ஒலிம்பிக் அணிவகுப்புல மடகாஸ்கர் நாட்டுப் பேர்ப் பலகை பிடிக்கப் போறேன்னு மாசக்கணக்கா பயிற்சி எடுத்தா, அந்த நாடே வரல, கடைசில உகாண்டா பலகையைத் தூக்கிட்டுப் போனா. இந்தப் பொண்ணுக்கு வேண்டியது மனசுக்குள்ள உருகுறவன் இல்ல. வாயைத் திறந்து நீதான் வேணும்னு சொல்றவன்.

இன்னொண்ணு, ஜங்வான் கட்சிக்காரங்க மறக்கிற சீன். தோழிங்க "சன்வூ உன்னைத்தான் பார்க்கிறான்"ன்னு சொன்னதும், அதே சந்து நண்பன் சன்வூவை அவளுக்குப் பிடிக்கும், அது பொய்னு ஆனதும் "அப்ப ஜங்வான்தான்"னு சொல்லுவாங்க, உடனே ஜங்வானைப் பிடிக்கும். அப்புறம் உட்கார்ந்து அழுவா, ஏன் என்னை யாருக்குமே பிடிக்கலன்னு. அஞ்சு பேர்ல இன்னொருத்தன் டோங்ரியோங் ஒரே ஒரு கேள்வி கேப்பான்: உன்னை யாருக்குப் பிடிக்கும்கிறதை விடு, உனக்கு யாரைப் பிடிக்கும்? அந்த இடத்துல இருந்து பாருங்க, அவ பார்வை எந்தப் பக்கம் போகுதுன்னு.

ராத்திரி_ரெண்டுமணி:
அந்த சீன் நல்லாவே ஞாபகம் இருக்கு. ஆனா அந்தக் கேள்விக்கு அவளோட பதிலை எழுத்தாளர் நமக்குக் காட்டினாரா? அவளுக்கு டேக்கைப் பிடிக்க ஆரம்பிச்சதை உள்ள இருந்து காட்டுற நேரத்தைவிட ஜங்வான் ஒளிஞ்சு நின்னு பார்க்கிறதைக் காட்டுன நேரம்தான் ஜாஸ்தி. டொக்சன்தான் முக்கியம்னா கேமராவை அவகிட்ட வச்சிருக்கணும்ல?

சப்டைட்டில்_சரவெடி:
+1 தல. அதோட கணவன் மேட்டர். பெரியவளான டொக்சனும் (லீ மி-யோன்) புருஷனும் (கிம் ஜூ-ஹ்யுக்) உட்கார்ந்து பழைய கதை பேசுவாங்கல்ல, அதுல அந்த மனுஷன் பேசுற தோரணையைப் பாருங்க, சுள்ளு சுள்ளுன்னு, பொண்டாட்டியைக் கிண்டல் பண்ணிக்கிட்டு, அப்படியே ஜங்வான். சின்ன வயசு டேக் ஒரு வாக்கியம் பேசி முடிக்கிறதுக்குள்ள நாம டீ போட்டுக் குடிச்சுட்டு வரலாம். இதுக்குப் பேர் சஸ்பென்ஸ் இல்லைங்க, வேணும்னே வழி தப்ப விடுறது. எழுதுறப்பவே யார் கணவன்னு முடிவு பண்ணிருந்தா அந்த ரோலை இப்படிப் பேச விட்டிருக்க மாட்டாங்க.

சங்முன்டோங்வாசி:
வயசான பிறகு பேச்சு மாறாதா? இருபது வருஷம் டொக்சன் கூட குடித்தனம் நடத்துனா ஊமையும் வாயாடுவான். ஆனா சரி, அந்தப் பேட்டி சீன்கள் எனக்கும் பெருசா பிடிக்காது, அது இல்லாமலே கதை நிக்கும்.

நான் சொல்ல வர்றது வேற. இதே டீமோட முந்தின ரெண்டு தொடரும், 2012ல வந்த ரிப்ளை 1997, 2013ல வந்த ரிப்ளை 1994, ரெண்டுலயும் முறைப்பா கூடவே வளர்ந்த பக்கத்து ஆள்தான் மாப்பிள்ளை ஆனான். அதைப் பார்த்துப் பழகுனவங்க மூணாவதுலயும் அதுதான்னு முடிவு பண்ணிட்டு உட்கார்ந்தாங்க. டேக் வர்ற சீன் எல்லாம் சும்மா ஓட்டிட்டுப் போறது, அப்புறம் ஒண்ணுமே காட்டலன்னு சொல்றது. சைனா போட்டிக்கு டேக்கோட அப்பாவால போக முடியாம டொக்சன் கூடப் போவா ஞாபகம் இருக்கா? படிப்புல கடைசி, வீட்டுல யாரும் ஒரு பொறுப்பை நம்பிக் குடுக்க மாட்டாங்க, அங்க போய் அவனுக்குச் சாப்பாடு, தூக்கம், ரூம்ல குளிர் எல்லாத்தையும் பாஷை தெரியாம கையைக் காலை ஆட்டியே சமாளிப்பா. அதுவரைக்கும் சந்துல இவன் கையாலாகாதவன்னு நினைச்சிருந்தவ, அங்க மொத்தப் பேரும் அவனை எப்படி மரியாதையா நடத்துறாங்கன்னு முதல் தடவையா பார்க்கிறா. அவ முகம் மாறுற இடம் அது. முழு எபிசோட் செலவு பண்ணிருக்காங்க ப்ரோ.

நெய்தல்_அக்கா:
தம்பிங்களா சண்டை போடுங்க, ஆனா இந்தத் தொடரைப் பத்திப் பேசுற எல்லா இடத்துலயும் மாப்பிள்ளை யாருன்னே பேசி முடிச்சுடுறாங்க, எனக்கு அதுதான் ஆத்தாமை. முதல் எபிசோட்ல கேக் விஷயத்துக்கு அப்புறம் அப்பா சந்துல உட்கார்ந்து டொக்சன்கிட்ட, அப்பாவும் பிறக்கும்போதே அப்பா இல்லம்மா, எனக்கும் இது முதல் தடவைன்னு மன்னிப்பு கேப்பாரே, அதை நான் என் அப்பாவோட உட்கார்ந்து பார்த்தேன், அவர் ஒண்ணும் பேசல, எழுந்தும் போகல. போரா கல்யாணத்துல அவ வாங்கிக் குடுத்த ஷூ அவருக்குப் பெருசு, மாத்திக் கேக்காம உள்ள காகிதத்தை அடைச்சுப் போட்டுட்டு நடந்து வருவாரு. அவரா வந்த சுங் டோங்-இல் முன்னாடி இந்த மோதிரம் சிக்னல் எல்லாம் எனக்கு ரெண்டாம்பட்சம்.

அப்புறம் கணக்குப் பார்த்தீங்களா, சன்வூ அம்மாவும் டேக் அப்பாவும் சேர்ந்துட்டாங்க, அந்தப் பக்கம் போரா சன்வூவைக் கட்டுறா, டொக்சன் டேக்கைக் கட்டுறா, அக்காவும் தங்கச்சியும் ஓரகத்தி ஆயிட்டாளுங்க! சின்ன வயசுல முடியைப் பிடிச்சு இழுத்துச் சண்டை போட்டவளுங்க. ஜங்வானைக் கட்டியிருந்தா இது உண்டா?

சப்டைட்டில்_சரவெடி:
அக்கா அதுக்காக எல்லாம் மாப்பிள்ளை மாத்த முடியாதுக்கா 😄 ஆனா ஷூ சீன் பத்தி ஒரு வார்த்தை எதிர்த்துப் பேச மாட்டேன்.

ராத்திரி_ரெண்டுமணி:
அக்கா குடும்பக் கதையில எனக்கும் ஒரு குறையும் இல்ல. அதான் வயிறு எரியுது, அப்பாவோட ஷூவுக்குள்ள காகிதம் வரைக்கும் யோசிச்ச எழுத்தாளர் ஜங்வானை மட்டும் ஏன் பாதியில விட்டாரு?

சிக்னல் சீனுக்கு வர்றேன், எல்லாரும் அதை வச்சுத்தான் தீர்ப்பு சொல்றாங்க. 1994, டொக்சன் கான்செர்ட் வாசல்ல தனியா நிக்கிறா, ஜங்வான் காரை எடுத்துட்டுப் பறக்கிறான், வழியெல்லாம் சிவப்பு விளக்கு, போய்ச் சேர்றப்போ டேக் அங்க நிக்கிறான், முக்கியமான ஆட்டத்தையே விட்டுட்டு ஓடி வந்து. அப்ப ஜங்வான் தனக்குள்ள பேசுவான், தப்பு சிக்னல்ல இல்ல, நான் தயங்கித் தயங்கி நின்னதுலதான்னு. உடனே எல்லாரும், பார் அவனே ஒத்துக்கிட்டான், தைரியம் இல்லாதவன் தோத்தான், டேக் தைரியசாலின்னு கிளம்பிடுறாங்க. டேக் மட்டும் என்ன பண்ணான்? ஜங்வான் பர்ஸுக்குள்ள டொக்சன் போட்டோவைப் பார்த்துட்டு, அவளைச் சினிமாவுக்குக் கூப்பிட்டதையே கேன்சல் பண்ணலையா? அதுக்கப்புறம் அஞ்சாறு வருஷம் அவனும்தானே வாயைத் திறக்கல? ரெண்டு பேரும் நண்பனுக்காக விட்டுக்குடுத்தாங்க, ஒருத்தனுக்குப் பேர் தியாகம், இன்னொருத்தனுக்குப் பேர் கோழைத்தனமா?

சங்முன்டோங்வாசி:
இது நியாயமான கேள்வி, இதுவரைக்கும் யாரும் இப்படி நறுக்குன்னு கேட்டு நான் பார்த்ததில்ல.

ஆனா வித்தியாசம் இருக்கு. டேக் விட்டுக்குடுக்கிறதுக்கு முன்னாடியே எல்லா நண்பர்கள் எதிர்லயும் டொக்சனைப் பிடிக்கும்னு சொல்லிட்டான், பொண்ணா பிடிக்கும்னு. மூடி வச்ச ஆள் ஜங்வான். அவன் பிறந்தநாளுக்கு அவ குடுத்த பிங்க் சட்டையை அவன் அண்ணன் போட்டுட்டு சுத்துறதா அவ நினைச்சு முகம் வாடி நிக்கிறப்போ, என் சட்டை வீட்ல பத்திரமா இருக்குடின்னு ஒரு வார்த்தை சொல்ல அவனுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? அதுல நண்பனுக்கு என்ன துரோகம்? அந்த இடத்துல அவன் டேக்குக்காக விட்டுக்குடுக்கல, தன் வீம்புக்காக அவளைக் கலங்க விட்டான். எனக்கு ஜங்வானைப் பிடிக்கும், ர்யூ ஜுன்-யோல் நடிப்புக்காகவே மறுபடி பார்ப்பேன், அண்ணனுக்கு இதயத்துல பிரச்சனை இருந்து பைலட் ஆக முடியலன்னு தான் போய் விமானப்படையில சேர்ந்தவன் அவன், நல்லவன். நல்லவனா இருக்கிறதால அவளுக்குப் பொருத்தம்னு ஆயிடாது.

ராத்திரி_ரெண்டுமணி:
சட்டை விஷயம் வலிக்குது, பதில் சொல்லல. ஆனா மோதிர சீனுக்கு யாராவது பதில் சொல்லுங்க. நீ ரீடிங் ரூம்ல இருந்து வர்ற வரைக்கும் எனக்குத் தூக்கம் வராதுன்னு அவன் சொல்லிட்டு இருக்கிறப்போ டொக்சன் முகத்தைப் பாருங்க, சிரிக்கல, விளையாட்டுன்னு நம்பின முகம் இல்ல அது. அவளுக்குப் புரிஞ்சிருக்கு. அப்புறம் அவன் சிரிச்சு மழுப்பிட்டுப் போறான், மோதிரம் மேசை மேலயே கிடக்குது. அதை யார் எடுத்தா, அவ அதைப் பத்தி என்ன நினைச்சா, அவங்க ரெண்டு பேரும் அதுக்கப்புறம் நண்பர்களா எப்படிப் பேசிக்கிட்டாங்க, ஒரு சீன், ஒரே ஒரு சீன் வைக்க 19, 20 ரெண்டு எபிசோட்லயும் இடமில்லையா? ஒவ்வொண்ணும் ஒன்றரை மணி நேரம்.

நெய்தல்_அக்கா:
இதுல மட்டும் உன் பக்கம்தான்ப்பா. கட்டிக்கலைன்னாலும் அவன்கிட்ட அவ ஒரு வார்த்தை பேசியிருக்கணும்.

சங்முன்டோங்வாசி:
சரி 18, 19, 20 மூணையும் இந்த சனிக்கிழமை வரிசையா பார்த்துட்டு வர்றேன். மோதிரத்துக்கு அப்புறம் டொக்சனும் ஜங்வானும் ஒரே ஃப்ரேம்ல வர்ற இடம் எல்லாத்தையும் நிமிஷத்தோட குறிச்சுப் போடுறேன், நீங்களும் பார்த்துட்டு வாங்க, அப்புறம் பேசலாம்.

ராத்திரி_ரெண்டுமணி:
போடுங்க. டேக் பக்கத்துல நிக்கிற சீனை எல்லாம் அதுல சேர்க்கக் கூடாது, ரெண்டு பேர் மட்டும் பேசுறது எத்தனைன்னு குறிங்க.