மறுமொழி: 'மரூன்' என்பதற்குத் தமிழில் 'கட்டறுத்தோர்' சரிவருமா?

அனைவருக்கும் வணக்கம்.

ஹைட்டிப் புரட்சிக் கட்டுரைக்காக நான் கேட்ட சொல்லுக்கு இத்தனை பேர் மெனக்கெட்டு எழுதியிருக்கிறீர்கள், நன்றி. அடிமைகளாக வேலை செய்த கரும்புத் தோட்டங்களிலிருந்து வெளியேறி மலையிலும் காட்டிலும் தங்களுக்கென்று ஊர் அமைத்துக்கொண்ட ஆப்பிரிக்க மக்களை ஆங்கிலத்தில் 'மரூன்' என்கிறார்கள். அவர்களுக்குத் தமிழில் ஒரு பெயர் வேண்டும். வந்த பரிந்துரைகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

> ஒலிபெயர்த்து 'மரூன்' என்றே வைத்துவிடலாமே?

நானும் முதலில் அப்படித்தான் எழுதினேன். ஆனால் நம் ஊரில் மரூன் என்றால் புடவைக் கலர். 'முதலாம் மரூன் போர்' என்று படிக்கிறவருக்கு நிறம்தான் முன்னால் வந்து நிற்கும். இரண்டும் வேறு வேறு சொற்கள். நிறத்தின் பெயர் பிரெஞ்சில் ஒரு கொட்டையின் பெயரிலிருந்து வந்தது. நம் சொல் ஸ்பானிய 'சிமரோன்' வழி வந்தது. ஹைட்டி இருக்கிற ஹிஸ்பானியோலா தீவில் பட்டியை விட்டு மலைக்குப் போய்க் காட்டுமாடாகிவிட்ட மாட்டைத்தான் முதலில் சிமரோன் என்றார்கள். பிறகு ஓடிப்போன பழங்குடிகளை, அதற்கும் பிறகு ஆப்பிரிக்கர்களை. மாட்டுக்கு வைத்த பெயர் மனிதருக்கு வந்தது. இதை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு இதற்கே திரும்புகிறேன்.

> 'தப்பியோடிய அடிமைகள்' போதும். எல்லோருக்கும் புரியும்.

புரியும், ஆனால் யாருடைய வாயிலிருந்து வரும் சொல் அது? தோட்ட முதலாளியின் கணக்குப் புத்தகத்தில் இருப்பது. 1685-இல் பிரான்ஸ் தன் தீவுகளின் அடிமைகளுக்கென்று இயற்றிய கருப்புச் சட்டத்தின் 38-ஆம் பிரிவைப் பாருங்கள். ஒரு மாதம் காணாமல் போனவருக்குக் காதுகளை அறுத்து ஒரு தோளில் லில்லிப்பூ முத்திரையைச் சுட வேண்டும். இரண்டாம் முறை போனால் முழங்காலின் பின்நரம்பை வெட்டி மறு தோளிலும் முத்திரை. மூன்றாம் முறை மரணம். அந்தச் சட்டத்துக்கு அவர்கள் தப்பியோடிய அடிமைகள்தான். வரலாறு எழுதுகிற நமக்குமா?

இன்னொன்று. பிரேசிலில் இப்படி வெளியேறியவர்கள் அமைத்த பால்மாரஸ் குடியிருப்புகள் 17-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதி நிலைத்திருந்தன. 1694-இல்தான் அவற்றின் தலைமை அரண் விழுந்தது, தலைவர் ஸும்பி 1695-இல் கொல்லப்பட்டார். அங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளை யாருக்கும் அடிமையாக இருந்ததில்லை. அதையும் 'அடிமை' என்ற பெயர்ச்சொல்லுக்குள் அடைப்பது பிழை.

> 'ஓடுகாலி' நல்ல பழைய சொல்தானே?

வேண்டாம். அது வசவு, பெரும்பாலும் பெண்களை நோக்கி வீசப்படுவது.

> 'விடுதலை வீரர்கள்' என்றால் பெருமையாக இருக்கும்.

இதில்தான் நான் நீண்ட நேரம் நின்றேன். மனம் அந்தப் பக்கம்தான் இழுக்கிறது. ஆனால் ஜமைக்காவில் நடந்தது வேறு. பல ஆண்டுகள் சண்டையிட்டும் மலையிலிருந்து அவர்களை இறக்க முடியாமல் 1739-இல் ஆங்கிலேயர் குட்ஜோ என்ற தலைவருடன் உடன்படிக்கை செய்துகொண்டார்கள். விடுதலையும் 1,500 ஏக்கர் நிலமும் எழுத்தில் கிடைத்தன. அதே தாளில் இன்னொரு நிபந்தனையும் இருந்தது: இனிமேல் தோட்டத்திலிருந்து ஓடி வருகிறவர்களைப் பிடித்துத் திருப்பித் தர வேண்டும். 1760-இல் டாக்கி தலைமையில் அடிமைகள் கிளர்ந்தபோது, அதை அடக்கியவர்களில் இந்த மலைவாழ் மக்களும் உண்டு. டாக்கியைச் சுட்டு வீழ்த்தியவரும் அவர்களில் ஒருவர். பிறகு 1795-இல் அந்த மலைமக்களின் ஊர்களில் ஒன்றான டிரெலானியின் ஊர்க்காரர்கள் ஆங்கிலேயரோடு மோத, அடுத்த ஆண்டே அவர்களைக் கப்பலேற்றிக் கனடாவின் நோவா ஸ்கோஷியாவுக்கு அனுப்பிவிட்டார்கள். அதுவரை உடன்படிக்கைக்கு உண்மையாக இருந்தும் அது காப்பாற்றவில்லை. இத்தனையையும் தாங்குகிற பெயர் வேண்டும். பாராட்டுப் பெயர் வைத்தால் 1760-ஐப் பற்றி எழுதும் வாக்கியத்தில் அது உடைந்துவிடும்.

சரி, என் பரிந்துரை 'கட்டறுத்தோர்'.

மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு போனால் 'கட்டறுத்துக்கிட்டுப் போயிருச்சு' என்று நம் ஊரில் சொல்வோம். மேலே சொன்ன சிமரோனின் தொழுவ வாசனை அப்படியே வந்துவிடுகிறது, ஆனால் இழிவு வரவில்லை. கயிறு, சங்கிலி, ஒப்பந்தம், அடிமைத்தளை எல்லாமே 'கட்டு'தான். செய்தவர் அவரே, யாரும் அவிழ்த்துவிடவில்லை. எனக்கு முக்கியமாகப் படுவது இது: தன் கட்டை அறுத்தார் என்பதற்கு மேல் அந்தச் சொல் எதையும் சொல்வதில்லை. அடுத்தவர் கட்டை அறுத்தாரா, இறுக்கினாரா என்பதை வரலாறு தனியாகச் சொல்லிக்கொள்ளட்டும்.

பால்மாரஸ் பிள்ளையும் கட்டறுக்கவில்லையே என்று கேட்பீர்கள். நியாயம். ஆனால் முன்னோர் செயலால் வந்த பெயர் பரம்பரைக்கு ஊர்ப்பெயர்போல ஒட்டுவது நமக்குப் பழக்கம்தான். 'அடிமை' அப்படி ஒட்டக்கூடாது, இது ஒட்டலாம்.

சைவத்தில் இறைவன் கட்டறுப்பான் என்ற பொருள் குறுக்கே வருமா என்று ஐயா ஒருவர் தனிமடலில் கேட்டிருந்தார். சூழல் பிரித்துக் காட்டிவிடும் என்றே நினைக்கிறேன். அதைவிட என்னை உறுத்துவது வேறு. பேச்சு வழக்கில் 'அறுத்தவள்' என்றால் கைம்பெண். ஜமைக்காவின் கீழைமலை மக்களுக்குத் தலைமை தாங்கிய நானியைக் 'கட்டறுத்தவள்' என்று எழுதினால், தாலி அறுத்தவள் என்று காதில் விழும். அதனால் ஒருமையில் ஆணோ பெண்ணோ 'கட்டறுத்தவர்' என்றே எழுதலாம் என்கிறேன். இங்குள்ள அக்காமார் இதைப் பற்றிச் சொன்னால் நல்லது.

துணைச்சொற்கள்: இந்தச் செயலுக்குக் 'கட்டறுப்பு'. நாலைந்து நாள் தோட்டத்துக்குப் பக்கத்திலேயே ஒளிந்திருந்து திரும்பி வருவதைப் பிரெஞ்சுக்காரர் 'சிறு மரூன்' வகை என்று தனியாகப் பிரித்தார்கள். அதற்குத் 'தலைமறைவு' போதும், கட்டு அங்கே அறுபடவில்லை. குடியிருப்புக்கு ஸ்பானியர் பகுதிகளில் 'பலெங்கே' என்று பெயர், மரவேலி அடைத்த இடம் என்று பொருள். சங்கத் தமிழில் அரணைச் சூழ்ந்த காவற்காட்டுக்கு 'மிளை' என்ற சொல் உண்டு. எனக்கு அதன்மேல் ஆசைதான், ஆனால் அடிக்குறிப்பு இல்லாமல் இன்று யாருக்கும் புரியாது. 'கட்டறுத்தோர் ஊர்' என்றே விடுகிறேன்.

ஒரு எச்சரிக்கை. 1791 ஆகஸ்டில் ஹைட்டியின் வடசமவெளித் தோட்டங்கள் எரிந்தபோது முன்னால் நின்ற பலர் மலையிலிருந்து இறங்கியவர்கள் அல்லர், தோட்டங்களுக்கு உள்ளேயே கங்காணியாகவும் வண்டியோட்டியாகவும் இருந்தவர்கள். புரட்சிக்கு முன்பே கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கிய மக்கந்தால் கட்டறுத்தவர், 1758-இல் எரித்துக் கொல்லப்பட்டார். புரட்சியின் தலைவர் தூசேன் அப்படி அல்லர். புரட்சிக்காரர் எல்லோருக்கும் இந்தச் சொல்லைப் போட்டுவிடாதீர்கள்.

இனிச் சொல்லை ஓட்டிப் பார்ப்போம். போர்ட்-ஓ-பிரின்ஸில் ஒரு வெண்கலச் சிலை இருக்கிறது. ஒரு முழங்காலை மடித்து, மறு காலைப் பின்னால் நீட்டியிருக்கிறார். இடது கணுக்காலில் அறுந்த சங்கிலி, வலக்கையில் கரும்பு வெட்டும் கத்தி, இடக்கையில் சங்கு. தலையை அண்ணாந்து ஊதுகிறார். 'பெயர் தெரியாத மரூன்' என்பது அதன் பெயர். கட்டுரையில் அந்தப் படத்துக்குக் கீழே 'பெயரறியாக் கட்டறுத்தவர்' என்று எழுதி வைத்திருக்கிறேன். வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். 'க்' ஒற்று இடறுகிறதா, 'பெயர் தெரியாத கட்டறுத்தவர்' என்று அவிழ்த்துவிடலாமா?