காய்ச்சினால் பால் இறுகுவதில்லை, முட்டை இறுகுகிறது: ஏன்?

கேள்வி

மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் நடத்துகிறேன். புரதங்கள் இயல்பிழப்பதற்கு, அதாவது தம் மடிந்த வடிவம் குலைவதற்கு, எடுத்துக்காட்டாக முட்டை வேகுவதையும் பால் தயிராவதையும் அடுத்தடுத்துச் சொல்வது என் நெடுநாள் வழக்கம். சென்ற வாரம் பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்து, "சூடு பட்டால் புரதம் இயல்பிழந்து இறுகும் என்றால், வீட்டில் பாலைப் பொங்கப் பொங்கக் காய்ச்சுகிறோமே, அது ஏன் முட்டையைப் போல இறுகவில்லை? ஆறிய பிறகு ஒரு கரண்டி மோர் விட்டால் மட்டும் எப்படி உறைகிறது?" என்று கேட்டாள். நாளைக்குச் சொல்கிறேன் என்று உட்கார வைத்தேன். அந்த நாளை இன்னும் வரவில்லை. அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1 (உயிர்வேதியியல் ஆய்வு மாணவர்)

ஐயா, அந்த மாணவியின் ஐயம் சரியானது. இரண்டையும் ஒரே தலைப்பில் வைத்ததுதான் பொருந்தவில்லை.

முட்டை வெள்ளைக்கருவில் பாதிக்கு மேற்பட்ட புரதம் ஓவால்புமின். 385 அமினோ அமிலங்கள் கோத்த ஒரே சங்கிலி, நீரோடு ஒட்டாத பகுதிகளை உள்ளே வைத்துப் பந்தாக மடிந்திருக்கிறது. அந்த மடிப்பைப் பெரும்பாலும் தாங்குபவை ஹைட்ரஜன் பிணைப்பு போன்ற வலுக்குறைந்த பிணைப்புகளே. வெப்பம் ஏற ஏற அவை விட்டுப்போகின்றன. ஏறத்தாழ 60 டிகிரியில் மற்றொரு புரதம் முந்திக்கொண்டு மடிப்பு பிரிவதால் வெள்ளைக்கரு வெளிறத் தொடங்குகிறது. 80 டிகிரியைத் தாண்டும்போது ஓவால்புமினும் பிரிகிறது. பிரிந்த சங்கிலிகள் தம் நீர் ஒட்டாப் பகுதிகளால் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ள, கந்தக அணுக்களுக்கிடையே புதிய பிணைப்புகளும் உருவாகி வலையாகின்றன. வெந்த வெள்ளைக்கருவிலும் பத்தில் ஒன்பது பங்குக்கு நெருக்கமாகத் தண்ணீர்தான் இருக்கிறது; நீர் எங்கும் போகவில்லை, வலைக்குள் அகப்பட்டு நிற்கிறது.

பசும்பாலின் கதை வேறு. அதன் புரதத்தில் ஐந்தில் நான்கு பங்கு கேசீன். புரோலின் என்ற அமினோ அமிலம் மிகுந்திருப்பதால் கேசீன் இறுக்கமான பந்தாக மடிவதே இல்லை. மடிப்பே போடாத வேட்டியில் கலைவதற்கு என்ன இருக்கிறது? ஆகவே கொதிநிலையையும் அது தாங்குகிறது. ஆயிரக்கணக்கான கேசீன் மூலக்கூறுகள், கால்சியம் பாஸ்பேட் இடையிட்டு, ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுள்ள துகள்களாகத் திரண்டு பாலில் மிதக்கின்றன. துகளின் மேற்பரப்பில் எதிர்மின்னூட்டம் இருப்பதால் ஒன்றை ஒன்று விலக்கிக்கொண்டே இருக்கின்றன.

மோரிலுள்ள பாக்டீரியா பாலின் லாக்டோஸ் சர்க்கரையை லாக்டிக் அமிலமாக்கும்போது, பாலின் பிஎச் (புளிப்பு ஏற ஏறக் குறையும் அளவு) 6.7-இலிருந்து 4.6 அளவுக்கு இறங்குகிறது. அதாவது ஹைட்ரஜன் அயனிகளின் செறிவு நூறு மடங்குக்கு மேல் கூடுகிறது. கால்சியம் பாஸ்பேட் கரைந்து வெளியேறுகிறது, மின்னூட்டம் சமனாகிறது, விலகி நின்ற துகள்கள் ஒட்டிக்கொள்கின்றன. சுருங்கச் சொன்னால், முட்டையில் குலைவது வடிவம்; தயிரில் இழக்கப்படுவது மின்னூட்டம்.

மறுமொழி 2 (மாடு வளர்ப்பவர்)

நான் வேதியியல் படித்தவன் அல்லன். ஆனால் மேலே உள்ள விளக்கத்துக்கு இடறலாக ஒன்று இருக்கிறது. மாடு கன்று ஈன்ற முதல் இரண்டு நாள் கறக்கும் சீம்பாலில் வெல்லத்தையும் ஏலக்காயையும் கலந்து இட்லிப் பானையில் வைத்தால், மோரும் இல்லாமல் எலுமிச்சையும் இல்லாமல், ஆவியிலேயே அது கட்டியாக இறுகிவிடுகிறது. கத்தியால் துண்டு போட்டுத்தான் பிள்ளைகளுக்குக் கொடுப்போம். அதே மாட்டின் பால் சில நாள் சென்றபின் எவ்வளவு காய்ச்சினாலும் இறுகுவதில்லை. பால் முட்டையைப் போல் நடக்காது என்றால் இது எப்படி?

இன்னொன்றும் கேட்கிறேன். பச்சைப் பாலில் உறை ஊற்றினால் தயிர் இளக்கமாகத்தான் வருகிறது. நன்றாகக் காய்ச்சி ஆறவிட்டு ஊற்றினால் கெட்டியாகிறது. காரணம் உண்டா?

மறுமொழி 3 (முதல் மறுமொழி எழுதியவர்)

அண்ணா, இது இடறல் அல்ல, சான்று. பசுவின் நஞ்சுக்கொடி வழியாகக் கன்றுக்கு நோய் எதிர்ப்புப் புரதங்கள் செல்வதில்லை. அவற்றைப் பிறந்த பிறகு சீம்பாலிலிருந்துதான் பெற வேண்டும். கன்றின் குடல் அவற்றை முழுதாக உள்வாங்குவதும் முதல் ஒரு நாள் அளவுக்கே. எனவே சீம்பாலில் இம்யூனோகுளோபுலின்கள் எனப்படும் அந்த எதிர்ப்புப் புரதங்கள் மிக அடர்ந்திருக்கின்றன. கேசீனைப் போலன்றி இவை மடிந்த புரதங்கள். சூட்டில் பிரிந்து வலையாகின்றன, அதாவது முட்டையின் வழியிலேயே இறுகுகின்றன. வகுப்பில் காட்ட இதைவிடப் பொருத்தமான பொருளை நான் அறியேன்.

இரண்டாவது கேள்விக்கும் விடை இதிலேயே இருக்கிறது. சாதாரணப் பாலிலும் ஐந்தில் ஒரு பங்கு மடிந்த புரதங்கள் உண்டு. 70 டிகிரிக்கு மேல் அவை பிரிந்தாலும், தாமாக வலை கட்டும் அளவுக்கு எண்ணிக்கை இல்லாததால் கேசீன் துகள்களின் மேல் போய் ஒட்டுகின்றன. பின்னர் உறையும்போது அவையும் வலையில் சேர்ந்துகொள்வதால் தயிர் கெட்டிப்படுகிறது.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. அப்படியானால் இவற்றில் எதையாவது பழைய நிலைக்குத் திருப்ப முடியுமா? அடுத்த கேள்வி அதுவாகத்தான் இருக்கும், எனக்குத் தெரியும்.

மறுமொழி 4 (கல்லூரி வேதியியல் ஆசிரியர்)

தயிரின் பக்கம் ஓரளவு முடியும், மேசைமேலேயே காட்டிவிடலாம். கொழுப்பு நீக்கிய பாலை வெதுவெதுப்பாக்கி வினிகர் விட்டால் வெண்கட்டிகள் பிரியும். அவற்றைத் துணியில் வடித்து நீரில் அலசி, சமையல் சோடா கரைத்த நீரில் போட்டுக் கலக்குங்கள். நுரை எழும்; கேசீன் எதிர்மின்னூட்டத்தை மீண்டும் பெற்றுக் கட்டிகள் குழைந்து கரையத் தொடங்கும். பழைய துகளமைப்பு திரும்புவதில்லை என்பதால் அது பால் ஆகாது. பக்கத்திலேயே அதே நீரில் வெந்த வெள்ளைக்கருத் துண்டு ஒன்றையும் போட்டு வையுங்கள், அது அசையாது.

முட்டையைத் திருப்பியவர்களும் உண்டு. கலிபோர்னியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் இருந்த ஆய்வாளர்கள், 90 டிகிரியில் 20 நிமிடம் வேகவைத்த வெள்ளைக்கருவை யூரியாவில் கரைத்து, மெல்லிய படலமாக வேகமாகச் சுழற்றி, லைசோசைம் என்ற புரதத்தை மட்டும் மீண்டும் மடியச் செய்தார்கள். 2015-இல் சிரிக்க வைத்துச் சிந்திக்க வைக்கும் இக் நோபல் பரிசு அவர்களுக்குக் கிடைத்தது. வேகவைத்தபோதும் அமினோ அமிலங்களைக் கோக்கும் பெப்டைடு பிணைப்புகள் அறுபடாமல் இருந்ததால்தான் அது சாத்தியமாயிற்று. அந்தப் பிணைப்புகள் அறுபடுவதைக் காட்ட வேண்டுமானால் வயிற்றில் புரதத்தைச் செரிக்கும் பெப்சின் நொதியைத்தான் பாடத்துக்குள் கொண்டுவர வேண்டும்.