பூட்லோடருக்குத் தமிழ்: தொடக்கியா, எழுப்பியா, பூட்டா?

கொழிஞ்சாம்பாறையிலிருந்து, தமிழ்வழிப் பள்ளி ஆசிரியை:

எல்லோருக்கும் வணக்கம். சித்தூர் தாலுகாவில் எங்கள் பள்ளியில் லிட்டில் கைட்ஸ் என்ற கணினி மன்றப் பிள்ளைகளுக்கு ஒரு சிறு கையேடு எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ஒரே கணினியில் விண்டோஸையும் லினக்ஸையும் வைக்கப்போய் இரண்டுமே வராமல் போனால் என்ன செய்வது என்பதுதான் பொருள்.

இங்கே இது அடிக்கடி நடக்கிறது. பள்ளி ஆய்வகத்தில் உபுண்டு என்ற லினக்ஸை அடியாகக் கொண்ட கைட் இயங்குதளம், வீட்டில் விண்டோஸ். பையன் வீட்டு மடிக்கணினியிலும் உபுண்டு போடுகிறான். பிறகு இடம் போதவில்லை என்று விண்டோஸுக்குள் இருந்துகொண்டே உபுண்டு இருந்த பகுதியை அழித்துவிடுகிறான். அடுத்த முறை ஆன் செய்தால் கறுப்புத் திரையில் 'கிரப் ரெஸ்க்யூ' என்று நிற்கிறது. வீட்டில் "சிஸ்டம் போச்சு" என்கிறார்கள். யாராவது முழு டிஸ்கையும் ஃபார்மட் செய்துவிட்டால் குடும்பப் படங்கள் எல்லாம் போய்விடும். உண்மையில் விண்டோஸ் அப்படியேதான் இருக்கிறது. அதைக் கொண்டுவர வேண்டிய கிரப் என்ற சின்ன நிரல், அழிந்த பகுதியில் இருந்த தன் கோப்புகளைக் காணாமல் நிற்கிறது, அவ்வளவுதான். நிரல் வேறு, இயங்குதளம் வேறு என்று பிள்ளைக்குப் புரிய வேண்டுமென்றால், ஆங்கிலத்தில் பூட்லோடர் எனப்படும் அந்த நிரலுக்கு ஒரு தமிழ்ப் பெயர் வேண்டும். 'துவக்க ஏற்றி' என்று வகுப்பில் சொன்னேன். லாரியில் மூட்டை ஏற்றுகிறவரா என்று கேட்கிறார்கள். வேறு சொல் தாருங்கள்.

பொள்ளாச்சியிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அம்மா, முதலில் 'துவக்க' என்பதை விடுங்கள். அகராதியில் துவக்கு என்றால் கட்டு, பிணைப்பு. ஈழத்தில் துப்பாக்கி. அடங்கு-அடக்கு, முடங்கு-முடக்கு என்பது போலத் தொடங்கு தன்வினை, தொடக்கு பிறவினை. கணினி தொடங்குகிறது, அதைத் தொடங்க வைப்பது தொடக்கி. ஏற்றியே வேண்டாம். வள்ளுவரும் 'தொடங்கற்க எவ்வினையும்' என்றுதான் சொன்னார், அதுவும் இடனறிதல் அதிகாரத்தில். இடம் கண்ட பின்பே தொடங்கு என்கிறார். டிஸ்கைப் பகுதி பிரிக்கும் பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான குறள் கிடையாது. கையேட்டின் முகப்பில் போடுங்கள்.

குப்பத்திலிருந்து:

சித்தூர் என்றதும் எங்கள் மாவட்டம் என்று நினைத்துவிட்டேன், டீச்சர். பாலக்காட்டுச் சித்தூர் என்று கொழிஞ்சாம்பாறையைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. இரண்டு சித்தூரிலும் எல்லை ஓரம் தமிழ் பேசுகிறவர்கள் இருக்கிறோம். 1960-இல் திருத்தணி தமிழ்நாட்டுப் பக்கம் போனபோது நாங்கள் ஆந்திரப் பக்கமே இருந்துவிட்டோம். அது பெரிய கதை, இப்போது வேண்டாம்.

புலவர் ஐயா பொறுத்துக்கொள்ள வேண்டும். தொடக்கு என்றால் தீட்டு என்றும் பொருள் உண்டு. பாட்டிமார் வாயில் இன்றும் துடக்கு என்று வரும். நான் சொல்வது 'எழுப்பி'. ஆங்கிலத்தில் பூட்ஸ்ட்ராப் என்பது செருப்பின் பின்பட்டையைப் பிடித்துத் தன்னைத் தானே தூக்கி நிறுத்துவது. நம்மிடம் பள்ளியெழுச்சி இருக்கிறது. "கம்ப்யூட்டர் எழவில்லை" என்றால் யாருக்கும் புரியும்.

மூணாறிலிருந்து, கட்டற்ற மென்பொருள் தன்னார்வலர்:

அண்ணா, எழுப்பி காதுக்கு இனிமையாக இருக்கிறது, ஆனால் தொழில்நுட்பத்தில் இடிக்கும். கணினி தூங்குவதும் எழுவதும் ஏற்கெனவே வேறு வேலைக்குப் போய்விட்ட சொற்கள். மடிக்கணினியின் மூடியைத் திறந்தால் எழுவது ஒன்று, புதிதாகத் தொடங்குவது வேறொன்று. இரட்டை நிறுவலில் பாதிச் சிக்கலே இந்தக் குழப்பத்தில்தான் இருக்கிறது. விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் ஆன் ஆகி இருந்தால், ஷட்டவுன் கொடுத்தாலும் அது முழுதாக அணைவதில்லை. இயங்குதளத்தின் மையமான கெர்னலின் நிலையை டிஸ்கில் எழுதிவைத்து உறங்கப் போகிறது. அதனால்தான் லினக்ஸில் இருந்து விண்டோஸ் பகுதியில் எழுத முடிவதில்லை. இரண்டையும் 'எழு' என்றால் இதைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது?

வேலந்தாவளத்திலிருந்து:

பூட் என்ற சொல் நம் வாயில் ஏற்கெனவே இருக்கிறது. அதற்குப் பொருள் கொடுத்தால் போதும். காண்-காட்டு, உண்-ஊட்டு, பூண்-பூட்டு. ஏர் பூட்டுகிறோம், வண்டி பூட்டுகிறோம், வில்லில் நாண் பூட்டுகிறோம். பூட்டுவது என்றால் கிடக்கும் கருவியை வேலைக்கு ஆயத்தமாக்குவது. பூட் செய்வதும் அதுதானே? சித்திரையில் பொன்னேர் பூட்டினால்தான் ஆண்டின் உழவே தொடங்கும். இங்கே மலையாளத்திலும் காளைப்பூட்டு என்கிறார்கள், இரண்டு காளையைச் சேர்த்துப் பூட்டி ஓட்டுவது. ஒரே பெட்டியில் இரண்டு இயங்குதளம் என்றால் 'இரட்டைப் பூட்டு'. இதைவிட அழகாக எந்த மொழியிலும் அமையாது. ஐயா, பொருள்கோளில் விற்பூட்டு நினைவிருக்கும். பாட்டின் முதற்சொல்லையும் கடைசிச் சொல்லையும் வில்லின் இரு முனைபோல் இணைப்பது. கணினியிலும் மின்சாரம் வரும் முதல் நொடியையும் முகப்புத் திரையையும் இணைப்பது இந்த நிரல்தான்.

பொள்ளாச்சியிலிருந்து:

விற்பூட்டை இங்கே கொண்டுவந்தது மனம் நிறையச் செய்தது. வேர்ச்சொல் விளக்கத்திலும் குறை இல்லை. ஆனாலும் வழக்கு என்று ஒன்று உண்டு. இன்று ஏர் பூட்டிப் பார்த்த பிள்ளை எத்தனை பேர்?

கஞ்சிக்கோட்டிலிருந்து, கணினி பழுது பார்ப்பவர்:

டீச்சர், நான் கடையில் உட்கார்ந்து சொல்கிறேன். பூட்டு வேண்டவே வேண்டாம். இந்த வேலையில் நிஜமான பூட்டுகள் இருக்கின்றன. செக்யூர் பூட் என்பது மின்கையெழுத்து இல்லாத நிரலை உள்ளே விடாத காவல். பிட்லாக்கர் என்பது டிஸ்கையே பூட்டி வைப்பது. "இரட்டைப் பூட்டு" என்று படித்த பையன் சாவி எங்கே என்றுதான் தேடுவான்.

அப்புறம், எந்தத் தமிழ் வைத்தாலும் பூட் என்ற சொல்லையும் எழுதுங்கள். எஃப் 12 அல்லது எஸ்கேப் அழுத்தினால் வரும் பட்டியலில் ஆங்கிலத்தில் அதுதான் இருக்கும். கிரப் ரெஸ்க்யூ வந்தவுடன் பையன் செய்ய வேண்டிய முதல் காரியம் அந்தப் பட்டியலுக்குப் போய் விண்டோஸ் பூட் மேனேஜரைத் தேர்ந்தெடுப்பது. பயாஸுக்குப் பதிலாக வந்த யூஇஎஃப்ஐ உள்ள புதிய கணினி என்றால் பெரும்பாலும் விண்டோஸ் அப்படியே வந்துவிடும். ஒவ்வொரு இயங்குதளத்தின் தொடக்க நிரலும் டிஸ்கில் அதற்கென்றே உள்ள இஎஃப்ஐ பகுதியில் தனித்தனி ஃபோல்டரில் இருக்கிறது. பிறகு வரிசையில் விண்டோஸை மேலே வைத்தால் போதும். பழைய பயாஸ் கணினியில்தான் சிரமம். அங்கே டிஸ்கின் முதல் 512 பைட்டில் இருப்பது ஒரே ஒரு நிரல், அதிலும் நிரலுக்கு உள்ள இடம் 446 பைட். கிரப் அங்கே உட்கார்ந்துவிட்டால் விண்டோஸ் நிறுவும் யுஎஸ்பியிலிருந்து கணினியைத் தொடங்கி பூட்ரெக் கட்டளையால் திரும்ப எழுத வேண்டும்.

மூணாறிலிருந்து:

லினக்ஸ் பகுதி அழியாமல் அதன் நிரல் மட்டும் போயிருந்தால் நிறுவாமலே லினக்ஸ் ஓடும் லைவ் யுஎஸ்பியிலிருந்து தொடங்கி கிரப்-இன்ஸ்டால் கட்டளை கொடுக்கலாம். இதையும் சேர்த்துவிடுங்கள், அக்கா. என் வாக்கு தொடக்கிக்கு.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

அனைவருக்கும் நன்றி. நாள் நெருங்கிவிட்டது, அதனால் தொடக்கி என்றே வைக்கிறேன். முதல் முறை வரும் இடத்தில் 'பூட்லோடர் என்னும் தொடக்கி' என்றும், டூயல் பூட்டுக்கு 'இரட்டைத் தொடக்கம்' என்றும் எழுதுகிறேன். தீட்டு என்ற பொருள் எங்கள் வகுப்பில் எவருக்கும் தெரியவில்லை. மலையாளம் பேசும் பிள்ளைகளுக்கும் துடக்கம் என்றால் உடனே புரிகிறது. எல்லையோரப் பள்ளிக்கு அது பெரிய வசதி. குறள் முகப்பில் வரும், ஐயா.

குப்பத்திலிருந்து:

பெரும்பான்மைக்குச் சரி என்கிறேன். எழுப்பியை விட மனமில்லை. தூக்கத்திலிருந்து எழுவதற்கு 'விழி' என்று வைத்துக்கொண்டால் எழுப்பி காலியாகிவிடும் அல்லவா?

வேலந்தாவளத்திலிருந்து:

என் எதிர்ப்பைப் பதிவு செய்கிறேன். பூட்டுக்கு இருக்கும் நூறு பொருளில் சாவிப் பூட்டு ஒன்று மட்டும் மிஞ்ச வேண்டும் என்று யார் சொன்னது? அடுத்த பதிப்பு வரும்போது மறுபடி எழுதுவேன்.

கஞ்சிக்கோட்டிலிருந்து:

டீச்சர், அச்சுக்குப் போகும் முன் ஒரு வரி. பயாஸ் அல்லது யூஇஎஃப்ஐ அமைப்பில் கை வைக்கும் முன் பிட்லாக்கரின் 48 இலக்க மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். செக்யூர் பூட்டை நிறுத்தினால் விண்டோஸ் அதைக் கேட்கலாம். அது இல்லாமல் வருகிறவர்களுக்கு என்னால் ஒன்றும் செய்து கொடுக்க முடிவதில்லை.