உறுத்தல் இருந்தால் வில்லன் பாதி மன்னிக்கப்பட்டவனா? மக்பெத்தா, இயாகோவா?

பின்வரிசை:
ஷேக்ஸ்பியரின் வில்லன்களைப் பற்றி எங்கே பேச்செடுத்தாலும் இதே பல்லவிதான். அரசனைக் கொன்று அரியணை ஏறிய மக்பெத் என்றால் "பாவம், நல்ல வீரன், ஆசை கெடுத்துவிட்டது" என்று ஒரு பெருமூச்சு. பொறாமையைத் தூண்டி ஒதெல்லோவை மனைவியையே கொல்ல வைத்த இயாகோ என்றால் "பிசாசு", அதோடு முடிந்தது. எனக்கு நேர்மாறாகத்தான் தோன்றுகிறது. ஷேக்ஸ்பியரின் வில்லன்களில் மோசமானவன் மக்பெத். முதல் அங்கத்தின் ஏழாவது காட்சியில் அவன் தனியாக நின்று பேசுவதைப் பாருங்கள். டங்கன் என் உறவுக்காரன், நான் அவன் குடிமகன், இன்றிரவு அவன் என் வீட்டு விருந்தாளி, கதவைச் சாத்திக் காக்க வேண்டியவனே நான், அதிலும் அவன் நல்ல அரசன் என்று ஒவ்வொன்றாக அவனே அடுக்குகிறான். கொல்ல ஒரு காரணமும் இல்லை, பேராசை மட்டும்தான் இருக்கிறது என்றும் அவனே சொல்கிறான். வேறு யாரும் குற்றப்பத்திரிகை எழுத வேண்டிய வேலையே இல்லை. மனைவியிடம் "இதோடு விட்டுவிடுவோம்" என்று சொன்னவன், அந்தக் காட்சி முடிவதற்குள் "சரி, தீர்மானித்துவிட்டேன்" என்கிறான். பிரேக் இல்லாத வண்டி மோதுவது ஒன்று, பிரேக் இருந்தும் மிதிக்காமல் மோதுவது வேறு. அப்புறம் நண்பன் பாங்க்வோ, அப்புறம் மக்டஃப் பிரபுவின் மனைவி, குழந்தைகள். அவனுடைய உறுத்தல் ஒரு கத்தியையாவது நிறுத்தியதா?

ஒப்பனை அறை:
நிறுத்தவில்லை, சரி. ஆனால் உறுத்தலை எடுத்துவிட்டால் அந்த நாடகத்தில் என்ன மிஞ்சும்? நாலு கொலை, ஒரு போர். டங்கனைக் கொன்றுவிட்டு வருகிறவனுக்கு முதல் கவலை மாட்டிக்கொள்வோமா என்பது இல்லை. பக்கத்து அறையில் யாரோ தூக்கம் கலைந்து "கடவுளே காப்பாற்று" என்றபோது தன்னால் "ஆமென்" சொல்ல முடியவில்லையே, அந்தச் சொல் தொண்டையில் சிக்கிக்கொண்டதே என்று அதையே திரும்பத் திரும்பக் கேட்கிறான். கையில் ரத்தக் கத்தியோடு நின்று ஜெபத்தைப் பற்றிக் கேட்கிற ஒருவனை, இயாகோவோடு எப்படி ஒரே தராசில் வைக்கிறீர்கள்?

இயாகோவுக்குப் பதவி ஆசை என்கிறார்கள். தளபதி ஒதெல்லோவின் கீழ் காசியோவுக்குக் கிடைத்த துணைத்தளபதிப் பதவி தனக்குக் கிடைக்கவில்லை என்ற கோபத்தில்தான் நாடகமே தொடங்குகிறது. ஆனால் மூன்றாவது அங்கத்தின் மூன்றாவது காட்சி முடியும்போதே ஒதெல்லோ அந்தப் பதவியை அவனுக்குக் கொடுத்துவிடுகிறான். கேட்டது கிடைத்தாயிற்று. இன்னும் இரண்டு அங்கம் பாக்கி இருக்கிறது. அப்படியானால் அவனுக்கு வேண்டியிருந்தது பதவி இல்லை. மக்பெத்தாவது மனைவி ஏற்றிவிட்டு இறங்கியவன், இவனை யார் ஏற்றிவிட்டார்கள்?

சாம்பல்குருவி:
"மனைவி ஏற்றிவிட்டாள்" என்பதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். எத்தனை முறை கேட்பது! அவன் பின்வாங்கும்போது அவள் என்ன கேட்கிறாள்? "அப்படியானால் இந்தத் திட்டத்தை என்னிடம் முதலில் எடுத்தபோது உனக்குள் எந்த மிருகம் இருந்தது? அப்போது நேரமும் இல்லை, இடமும் இல்லை, இருந்தும் நீ இரண்டையும் உண்டாக்கப் பார்த்தாய்" என்று கேட்கிறாள். பேச்சை எடுத்தவன் அவன். சூனியக்காரிகளும் "நீ அரசனாவாய்" என்றுதான் சொன்னார்கள், "போய்க் கொல்" என்று சொல்லவில்லை. அதைக் கேட்ட மாத்திரத்தில் முடி சிலிர்க்கிற அளவுக்கு ஒரு காட்சி அவன் மனதில் எழுகிறதே, அது எங்கிருந்து வந்தது?

இன்னொன்று. ஷேக்ஸ்பியர் இந்தக் கதையை ஹோலின்ஷெட் என்பவர் எழுதிய வரலாற்று நூலிலிருந்து எடுத்தார். அதில் டங்கன் கண்டிப்பில்லாத, பலவீனமான அரசன். மக்பெத்துக்குத் தன் உரிமை பறிபோகிறது என்ற நியாயமான மனக்குறை உண்டு. பாங்க்வோவுக்கும் சதியில் பங்கு உண்டு. கொன்ற பிறகு பத்து வருடம் மக்பெத் நன்றாகவே ஆளுகிறான். நாடகத்தில் இதெல்லாம் போய்விட்டது. பாங்க்வோவைச் சுத்தமாக்கியதற்குக் காரணம் ஊகிக்கலாம், அப்போதைய அரசர் ஜேம்ஸ் தன் வம்சத்தைப் பாங்க்வோவிலிருந்து எண்ணிக்கொண்டிருந்தவர். மற்றவை? மக்பெத் ஒதுங்கி நிற்கக்கூடிய ஒவ்வொரு நிழலையும் பார்த்துப் பார்த்து வெட்டியிருக்கிறார்.

பின்வரிசை:
சாம்பல்குருவி, இதைத்தான் சொல்ல வந்தேன், எனக்கு ஹோலின்ஷெட் நினைவுக்கு வரவில்லை. நன்றி.

கடைசி அங்கம்:
இதே வேலையை ஒதெல்லோவில் தலைகீழாகச் செய்திருக்கிறார், கவனித்தீர்களா? அந்தக் கதை 1565-ல் அச்சான சிந்தியோவின் இத்தாலியத் தொகுப்பிலிருந்து வந்தது. அதில் இந்த வில்லனுக்குப் பெயரே கிடையாது, வெறும் கொடி தாங்கும் அதிகாரி. ஆனால் காரணம் தெளிவாக இருக்கிறது. தளபதியின் மனைவி டெஸ்டிமோனா மேல் ஆசைப்பட்டான், அவள் திரும்பிப் பார்க்கவில்லை, ஆசை வெறுப்பானது, அவ்வளவுதான். ஷேக்ஸ்பியர் அந்த ஒரு காரணத்தைக் கழற்றிவிட்டு ஐந்தாறு காரணங்களைச் சிதறவிட்டார். பதவி போனது, தன் மனைவியோடு ஒதெல்லோவுக்குத் தொடர்பு என்று காதில் விழுந்த வதந்தி, காசியோ மேலும் அதே சந்தேகம், போகிறபோக்கில் "நானும் அவளை நேசிக்கிறேன்" என்று ஒரு வரி. எதிலும் அவன் நிலைப்பதில்லை. காரணம் இல்லாமல் காரணத்தைத் தேடி அலைகிற தீமை என்று ஆங்கிலக் கவிஞரும் விமர்சகருமான கோல்ரிட்ஜ் சொன்னது இதைத்தான்.

மக்பெத்திடமிருந்து சாக்குகளைப் பிடுங்கினார், இயாகோவிடமிருந்து காரணத்தைப் பிடுங்கினார். இரண்டும் ஒரே ஆசிரியர், அதிகம் போனால் இரண்டு மூன்று வருட இடைவெளி.

இயாகோ வேலை செய்யும் விதமும் தனி. சிண்டு முடிகிறவர்கள் சாதாரணமாக என்ன செய்வார்கள்? ஒருவன் காதில் போய் ஒன்றை ஓதுவார்கள். இவன் ஓதுவதே இல்லை. காசியோ டெஸ்டிமோனாவிடம் பேசிவிட்டு விலகுகிறான். "ஹ்ம், இது எனக்குப் பிடிக்கவில்லை" என்று தனக்குத்தானே சொல்வதுபோல இயாகோ சொல்கிறான். என்ன சொன்னாய் என்று ஒதெல்லோ கேட்கிறான். "ஒன்றுமில்லை பிரபு." அவ்வளவுதான், தூண்டில் விழுந்தாயிற்று. அதற்குப் பிறகு கெஞ்சிக் கெஞ்சிக் கேட்பது ஒதெல்லோ, "வேண்டாம் பிரபு, பொறாமை ஒரு பூதம், அதற்கு இடம் கொடுக்காதீர்கள்" என்று எச்சரிப்பது இயாகோ! இப்போது லியர் நாடகத்துக்கு வாருங்கள். அண்ணன் எட்கரை மாட்டிவிட எட்மண்ட் தானே எழுதிய பொய்க் கடிதத்தை அப்பா வரும்போது அவசரமாகப் பைக்குள் திணிக்கிறான். என்ன காகிதம் அது? "ஒன்றுமில்லை பிரபு." அதே பதில். "ஒன்றுமில்லை என்றால் எனக்குக் கண்ணாடி தேவைப்படாதே, கொடு பார்க்கலாம்" என்று கிழவர் பிடுங்கிப் படிக்கிறார். கேட்டு வாங்கிக் குடித்த விஷத்தை யாரும் சந்தேகப்படுவதில்லை.

ஒப்பனை அறை:
கோல்ரிட்ஜை எல்லோரும் இழுக்கிறீர்கள், ஆனால் ஐந்தாவது அங்கத்தில் ஒரு வரி இருக்கிறது. காசியோவைப் பற்றி இயாகோ சொல்வது: அவன் வாழ்க்கையில் அன்றாடம் ஒரு அழகு இருக்கிறது, அது என்னை அசிங்கமாக்குகிறது. யாரையும் ஏமாற்றுவதற்காகச் சொன்ன வரி இல்லை இது, தனியாக இருக்கும்போது சொன்னது. வயிற்றெரிச்சல். இதைவிடப் பழைய காரணம் உலகத்தில் உண்டா? காரணம் இல்லாதவன் இல்லை அவன், காரணம் சின்னதாக இருப்பதால் வெளியே சொல்ல வெட்கப்படுகிறவன். மேடையில் இயாகோவைப் பிசாசாக நடிக்கிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு எரிச்சல்தான் வரும். வேலை இடத்தில் இன்னொருவனுக்கு உயர்வு கிடைத்தபோது கைகுலுக்கிவிட்டு வந்து தூங்காமல் கிடப்பவனாக நடிக்க வேண்டும்.

பகல்கனவு88:
எல்லாம் கட்டுக்கதை. இல்லாத ஆளுக்கு மனச்சாட்சி இருக்கிறதா இல்லையா என்று இவ்வளவு சண்டையா?

கடைசி அங்கம்:
ஆமாம் சார். இருக்கிற ஆட்கள் யாரும் தனிமொழி பேசிக் காட்டமாட்டேன் என்கிறார்களே, என்ன செய்வது?

பின்வரிசை:
:) சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஹாம்லெட் நாடகத்தின் கிளாடியஸை யாரும் தொடவில்லை. அண்ணனைக் கொன்று அரியணையையும் அண்ணியையும் எடுத்துக்கொண்டவன். அண்ணன் மகன் ஹாம்லெட் நடிகர்களை வைத்து அதே போன்ற கொலையை நடித்துக் காட்டிப் பொறி வைப்பதற்கு முன்பே, அமைச்சர் பொலோனியஸ் யதார்த்தமாகச் சொன்ன ஒரு வார்த்தை தன் மனச்சாட்சியைச் சாட்டையால் அடித்தது என்று அவன் தனக்குள் முனகுகிறான். ஆக உறுத்தல் உண்மை, நடிப்பில்லை. பிறகு மண்டியிட்டு ஜெபிக்கப் பார்க்கிறான். அங்கே அவன் கேட்கிற கேள்வி இருக்கிறதே, நானறிந்து இதைவிட நேர்மையாக எந்த வில்லனும் பேசியதில்லை: கொலையால் வந்ததைக் கையில் வைத்துக்கொண்டே மன்னிப்பு வாங்க முடியுமா? கிரீடம், பேராசை, அரசி என்று மூன்றையும் பட்டியல் போடுகிறான், ஒன்றையும் விடமுடியாது என்று அவனுக்கே தெரிகிறது. வார்த்தை மேலே போகிறது, எண்ணம் கீழேயே கிடக்கிறது என்று சொல்லிவிட்டு எழுந்துபோகிறான். (இதில் வேடிக்கை, பின்னால் வாளோடு நின்ற ஹாம்லெட், ஜெபத்தில் இருப்பவனைக் கொன்றால் சொர்க்கம் போய்விடுவான் என்று விட்டுவிடுகிறான். ஜெபம் தோற்றுப்போனது அவனுக்குத் தெரியாது.)

எழுந்துபோனவன் அடுத்து என்ன செய்கிறான்? ஹாம்லெட்டை இங்கிலாந்துக்கு அனுப்புகிறான், போய்ச் சேர்ந்ததும் தலையை வெட்டச் சொல்லும் கடிதத்தோடு. அப்பாவை இழந்து வந்து நிற்கிற பொலோனியஸின் மகன் லயர்டிஸிடம், "உன் அப்பா மேல் உனக்கு உண்மையிலேயே பாசம் இருந்ததா, இல்லை நீ துக்கத்தின் ஓவியம் மட்டும்தானா" என்று கேட்டுக் கொளுத்திப் போடுகிறான். கடைசியில் ஹாம்லெட்டுக்கு வைத்த விஷக் கோப்பையை அரசி எடுக்கும்போது "குடிக்காதே" என்று ஒரு தடவை சொல்கிறான். தட்டிவிடவில்லை. தட்டினால் மாட்டிக்கொள்வான். பேராசை, கிரீடம் இருந்த பட்டியலில் அரசியும் இருந்தாள்தானே? அவளைக்கூட அந்தக் கோப்பைக்கு விட்டுக்கொடுத்தான். உறுத்தல் இருக்கிறவன் நல்லவனுக்குப் பக்கத்து வீடு என்பவர்கள் இந்த ஒரு இடத்துக்குப் பதில் சொல்லட்டும்.

சாம்பல்குருவி:
நான் கொஞ்சம் குறுக்கே வருகிறேன். உறுத்தல் என்று ஒரே சொல்லில் போட்டு எல்லாரையும் கட்டுகிறோம். யாருக்காக உறுத்துகிறது என்று பார்த்தால் ஆட்கள் தானாகப் பிரிகிறார்கள். மக்பெத்தின் புலம்பல் முழுக்கத் தன்னைப் பற்றியது. என் தூக்கம் போயிற்று, என் கை கழுவினாலும் போகாது, ரத்தத்தில் இவ்வளவு தூரம் இறங்கிவிட்டேன், திரும்புவதும் கடப்பதும் ஒரே அலுப்புதான். செத்துப்போன டங்கனை நினைக்கும்போதுகூட, அவன் நிம்மதியாகத் தூங்குகிறான் என்று பொறாமைப்படுகிறான்! மூன்றாம் ரிச்சர்ட் அரசனும் அப்படித்தான். போஸ்வொர்த் போருக்கு முந்தின இரவு கனவில் பேய்கள் வந்து போனதும் "என்னை நேசிக்க ஒரு உயிரும் இல்லை" என்று அழுகிறான், விடிந்ததும் மனச்சாட்சி என்பது கோழைகள் பயன்படுத்தும் சொல் என்கிறான்.

லேடி மக்பெத் தூக்கத்தில் நடக்கும் காட்சியில் ஒரு வரி வருகிறது: ஃபைஃப் பிரபுவுக்கு ஒரு மனைவி இருந்தாள், இப்போது அவள் எங்கே? மக்டஃபின் மனைவி அது. அந்தக் கொலையில் இவளுக்குப் பங்கு இருந்ததாக நாடகத்தில் எங்கும் இல்லை. பாங்க்வோ விஷயத்திலேயே "உனக்குத் தெரியாமல் இருக்கட்டும் கண்ணே" என்று கணவன் அவளை ஒதுக்கிவிட்டான். இரண்டாவது அங்கத்தில் "கொஞ்சம் தண்ணீர் போதும், கழுவிவிடலாம்" என்றவள்தான். தான் செய்யாத கொலைக்கு, பேர்கூடச் சொல்லாத ஒரு பெண்ணைத் தேடி, தூக்கத்தில் கேட்கிறாள். செத்தவர்கள் பக்கம் திரும்பிய உறுத்தல் அது.

ஒப்பனை அறை:
அருமையான இடம். ஆனால் மக்பெத்துக்கு அப்படி ஒன்றும் இல்லை என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். கடைசியில் மக்டஃப் எதிரே வந்து நிற்கும்போது "திரும்பிப் போ, உன் ரத்தம் ஏற்கனவே என் ஆன்மா மேல் அதிகமாக இருக்கிறது" என்கிறானே, அது யாருக்காக?

பின்வரிசை:
"மக்டஃபிடம் ஜாக்கிரதை" என்று சூனியக்காரிகள் காட்டிய மாய உருவம் எச்சரித்தது அதற்கு முந்தைய அங்கம். பயந்தவன் பேச்சாகவும் அதைப் படிக்கலாம்.

ஒப்பனை அறை:
படிக்கலாம்தான். ஆனால் பெண் பெற்ற எவனாலும் தனக்கு ஆபத்தில்லை என்று அவன் அப்போதும் நம்பிக்கொண்டிருக்கிறான், அடுத்த பேச்சிலேயே அதைச் சொல்லவும் செய்கிறான். பயமே இல்லாத நேரத்தில் வந்த வார்த்தை அது. நான் கேட்கும் தண்டனைக் குறைப்பெல்லாம் இந்த ஒரு வரிக்குத்தான்.

பின்வரிசை:
ம். இதற்கு என்னிடம் உடனடியாகப் பதில் இல்லை. யோசிக்கிறேன்.

கடைசி அங்கம்:
உறுத்தல் ஏதாவது செய்ததா என்ற பின்வரிசையின் முதல் கேள்விக்கு இயாகோவின் வீட்டிலேயே பதில் இருக்கிறது. எமிலியா. இயாகோவின் மனைவி. டெஸ்டிமோனாவுக்கு எதிராகப் பொய்ச் சாட்சியாகிப்போன கைக்குட்டையை எடுத்து அவனிடம் கொடுத்தவள் அவள். அது எதற்கென்று தெரியாமல் கொடுத்தாள், டெஸ்டிமோனா தேடித் தவித்தபோது தெரியாது என்று சொல்லிவிட்டாள், அது மட்டும்தான் அவள் தப்பு. உண்மை விளங்கியதும், கணவன் வாளை உருவுகிறான் என்று தெரிந்தே எல்லாவற்றையும் சொல்லிவிட்டுச் சாகிறாள். அவளைக் குத்திவிட்டு ஓடி, பிடிபட்டு வந்து நிற்கிற இயாகோ, "என்னிடம் எதுவும் கேட்காதீர்கள், இனிமேல் ஒரு வார்த்தை பேசமாட்டேன்" என்கிறான். நாடகம் முழுக்கப் பேசியே கொன்றவன்.

ஒப்பனை அறை:
எமிலியா வில்லன் இல்லையே. வில்லன்களில் யாராவது எழுந்து ஒன்றைச் செய்தார்களா என்று கேட்டால் எட்மண்ட் ஒருவன்தான். சாகும் தறுவாயில், என் குணத்துக்கு மாறாக ஒரு நன்மை செய்துவிட்டுப் போகிறேன் என்று அரசர் லியரையும் அவர் மகள் கொர்டீலியாவையும் கொல்லச் சொன்ன உத்தரவை அவனே வெளியே சொல்கிறான், அடையாளத்துக்குத் தன் வாளையும் கொடுத்து அனுப்பச் சொல்கிறான். தாமதமாகிவிட்டது, அது அவன் கையில் இல்லை.

பின்வரிசை:
அவன் கையில்தான் இருந்தது. திரும்பப் படியுங்கள். அப்பா எப்படிச் செத்தார் என்று எட்கர் சொல்லி முடித்ததும் எட்மண்ட், "உன் பேச்சு என்னை அசைத்துவிட்டது, ஒருவேளை இதனால் நன்மை விளையலாம்" என்கிறான். உத்தரவை அப்போதே சொல்லியிருக்கலாம். அவன் சொன்னது: "நீ மேலே பேசு, இன்னும் ஏதோ சொல்ல இருப்பதுபோல் தெரிகிறது." எட்கர் பேசுகிறான். ஒருவன் ரத்தக் கத்தியோடு ஓடி வருகிறான், எட்மண்டை விரும்பிய லியரின் மற்ற இரண்டு மகள்களின் பிணங்கள் வருகின்றன, லியரின் விசுவாசி கென்ட் வந்து அரசர் எங்கே என்று கேட்ட பிறகுதான் அங்கிருப்பவர்களுக்கே லியர் நினைவு வருகிறது. "என்னையும் நேசித்திருக்கிறார்கள், எனக்காக ஒருத்தி இன்னொருத்திக்கு விஷம் வைத்துவிட்டுத் தன்னையும் கொன்றுகொண்டாள்" என்று எட்மண்ட் அதையும் ரசித்து முடிக்கிறான். அப்புறம்தான் ஆளை அனுப்பச் சொல்கிறான். சிறையில் அதற்குள் கொர்டீலியாவுக்குக் கயிறு போட்டாயிற்று.