நெருக்கடியில் தலைவர்கள் பேசுவது ஆறுதலா, தகவலா?

மஞ்சூர் வாசகன்:
2019 ஆகஸ்டில் நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியபோது, எங்கள் பகுதி முகாமுக்கு வந்த அரசியல்வாதி ஒருவர் 'அரசு உங்களோடு இருக்கிறது' என்பதையே சுற்றிச் சுற்றிச் சொல்லிவிட்டுப் புறப்பட்டார். ஊட்டிச் சாலை எப்போது திறக்கும், மண் சரிந்த இடத்துக்கு அருகிலுள்ள வீடுகளுக்குத் திரும்பலாமா என்று கேட்டவர்களுக்கு ஒரு கும்பிடுதான் கிடைத்தது. உருக்கமான பேச்சு, பதில் சொல்லாமல் நழுவும் வழி என்பதே என் கருத்து.

லவ்டேல் ஆசிரியை:
இதை ஏற்க இயலவில்லை. வீட்டை இழந்து ஈரப் போர்வையோடு உட்கார்ந்திருப்பவரிடம் புள்ளிவிவரமா வாசிப்பது? 1940 ஜூன் 4 அன்று, பிரான்சின் டன்கிர்க்கிலிருந்து பிரிட்டிஷ் படை ஜெர்மானியரிடமிருந்து தப்பி வந்த நிலையில், கடற்கரைகளிலும் தெருக்களிலும் போரிடுவோம் என்று சர்ச்சில் நாடாளுமன்றத்தில் முழங்கியதில் என்ன தகவல் இருந்தது?

மஞ்சூர் வாசகன்:
அம்மா, அந்த முழக்கம் உரையின் கடைசிப் பகுதி. அதற்கு முன்பே, நடந்தது மாபெரும் இராணுவப் பேரிழப்பு என்பதையும், 30,000-க்கும் மேற்பட்ட வீரர்களையும் ஏறத்தாழ 1,000 பீரங்கிகளையும் இழந்ததையும் அவர் மறைக்காமல் சொல்லிவிட்டார்.

கோத்தகிரி வழக்கறிஞர்:
அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மக்கள் பீதியில் பணத்தை எடுத்ததால் வங்கிகள் மூடிக்கிடந்தபோது, 1933 மார்ச் 12 இரவு வானொலியில், நாம் போடும் பணத்தை வங்கி பெட்டியில் பூட்டி வைப்பதில்லை, கடனாகவும் பத்திரங்களாகவும் சுழலவிடுகிறது என்று விளக்கி, எந்தெந்த ஊர் வங்கிகள் எந்த நாளில் திறக்கும் என்பதையும் அறிவித்தார். திறந்ததும், எடுத்த பணத்தை மக்களே திரும்பக் கொண்டுவந்து போட்டார்கள்.

லவ்டேல் ஆசிரியை:
அவர் 'நண்பர்களே' என்றுதான் தொடங்கினார் என்பதை விட்டுவிட்டீர்களே, ஐயா! உண்மையை மட்டும் சொன்னால் போதுமா? 1962 நவம்பரில், அசாமுக்கு வடக்கே உள்ள போம்டிலா சீனப் படையிடம் வீழ்ந்ததை நேரு வானொலியில் ஒளிக்காமல்தான் சொன்னார். அசாம் மக்களை எண்ணித் தம் நெஞ்சம் உருகுவதாகவும் சொன்னார். தங்களைக் கைகழுவிவிட்டார் என்றே அங்குள்ளவர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். அந்த மனக்குறை இன்றும் தேர்தல் மேடைகளில் பேசப்படுகிறது.

மஞ்சூர் வாசகன்:
அசாமின் தேஸ்பூரில் அதிகாரிகளே ஊரைக் காலி செய்துகொண்டு போனபோது எந்தச் சொல்தான் எடுபடும்? இனி என்ன செய்யப்போகிறோம் என்பது அவ்வுரையில் தெளிவாக இருந்திருந்தால், அதே இரக்கம் வேறு விதமாகக் கேட்டிருக்கும்.

லவ்டேல் ஆசிரியை:
சாலை, மின்சாரம் பற்றித் தாசில்தார் அறிவிக்கலாம். தலைவரின் வேலை அதுவன்று.

மஞ்சூர் வாசகன்:
அன்று தாசில்தாரும் அங்கேதான் நின்றார். மைக் கடைசிவரை அவர் கைக்குப் போகவில்லை.