‘நிகழ்நேரப் படம்’ வேண்டாம், ‘சற்றுமுன் படம்’ என்போமே

நண்பர்களே, வணக்கம்.

வானிலைச் செயற்கைக்கோள் அனுப்பும் படத்துக்கு ‘நிகழ்நேரப் படம்’ (ஆங்கிலத்தில் ‘ரியல் டைம்’) என்று நம் கலைச்சொல் விவாதத்தில் போன வாரம் முடிவானதில் எனக்கு உடன்பாடில்லை. பூமியின் ஒரே இடத்துக்கு மேலே நிற்பதுபோல் சுற்றும் கோளுக்குப் ‘புவிநிலை’ என்ற பெயர் இருக்கட்டும், பழகிவிட்டது. நொடிக்கு 3 கிலோமீட்டர் ஓடுவதை ‘நிலை’ என்பதா என்ற சண்டையை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம்.

ஐப்பசியில் கீழையூர்ப் பக்கம் சித்தப்பா குறுவை நெல்லை ரோட்டில் காயப்போட்டிருந்தார். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் கொள்முதலில் எடுக்க மாட்டார்களே என்ற கவலை. மணி மூன்று இருபது. போனில் இன்சாட்-3டிஆர் படத்தைத் திறந்து, “மேகம் இன்னும் கடல்லதான் இருக்கு சித்தப்பா” என்றேன். சொல்லி வாய் மூடவில்லை, தூறல். படுதாவைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அப்புறம் போனை வாங்கிப் பார்த்தவர் மூலையில் 09:15 என்றிருந்ததைக் காட்டி, “காலையில எடுத்த படத்தைப் பாத்தா ஜோசியம் சொன்னே?” என்றார். அது கிரீன்விச் நேரம், நமக்குப் பிற்பகல் 2:45. அதனால் என்ன, அப்போதும் அது பழைய படம்தான்.

35,786 கிலோமீட்டர் உயரத்திலிருந்து அந்தச் செயற்கைக்கோளின் படக்கருவி பூமியை வரிவரியாகத் துழாவுகிறது. முழு வட்டத்துக்குச் சுமார் 26 நிமிடம். படத்தின் மேல் ஓரமும் கீழ் ஓரமுமே ஒரே நிமிடத்தவை அல்ல. அப்புறம் கீழே இறக்கி, சரிசெய்து, வலையேற்ற வேண்டும். மேகம் மணிக்கு 30 கிலோமீட்டர் நகர்ந்தால்கூட 35 நிமிடத்தில் 17 கிலோமீட்டர் வந்துவிடும். கடற்கரைக்கும் எங்கள் நெல்லுக்கும் அவ்வளவு தூரம் கிடையாது.

ஆங்கிலத்தில் ‘ரியல் டைம்’ என்பதற்கு முன்னால் ‘நியர்’ என்று ஒரு சொல்லை ஒட்டித் தப்பிக்கிறார்கள். இங்கே ஒருவர் சொன்ன ‘அண்மை நிகழ்நேரம்’ அதன் நிழல். எதற்கு அண்மை என்று கேட்கத் தோன்றும். ‘சற்றுமுன்’ என்றால் டிவி பார்க்கும் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. சற்றுமுன் படம், சற்றுமுன் தரவு, ஒட்டவும் செய்கிறது. எவ்வளவு முன் என்பதற்குச் ‘சுணக்கம்’ இருக்கிறது. நெல்லுக்குப் பணம் வரவில்லை என்றால் ஊரில் சொல்வதுதான். ‘சுணக்கம் 35 நிமிடம்’ என்று படத்தின் கீழேயே போட்டுவிடலாம்.

சித்தப்பாவிடம் கேட்டேன். “சற்றுமுன்னா சரி. மொதல்ல அந்த மணியை நம்ம மணியாப் போடச் சொல்லு” என்றார்.