'செட்' என்ற சொல்லுக்கு 430 அர்த்தம்: செட் தோசை அதில் சேருமா?

கொங்குத்தறி:
"ஆங்கிலத்திலேயே அதிக அர்த்தமுள்ள சொல் செட், மொத்தம் 430" என்று நேற்று ஒருவர் இங்கே போட்டிருக்கிறார். படித்ததும் எரிச்சல்தான் வந்தது. அது 1989இல் வந்த ஆக்ஸ்ஃபோர்டு அகராதி இரண்டாம் பதிப்பின் கணக்கு. அதற்கப்புறம் அதே அகராதியின் ஆசிரியர்களில் ஒருவரான பீட்டர் கில்லிவர் ஒன்பது மாதம் உட்கார்ந்து 'ரன்' என்ற வினைக்கு மட்டும் 645 பொருள் பிரித்துவிட்டார்.

வைகைக்கரை:
645 இருக்கட்டும். செட் தோசை அந்த 430இல் உண்டா, இல்லையா?

கொங்குத்தறி:
இல்லை. 430 என்பது வினைச்சொல்லுக்கு. தோசையில் வருவது பெயர்ச்சொல். தொகுதி என்ற பொருளில் வரும் அந்த செட் பழைய பிரெஞ்சு வழியாக வந்தது, மூலம் லத்தீன். 'வை' என்ற செட் பழைய ஆங்கிலம். வேர் வேறு.

வைகைக்கரை:
மூணு தோசையை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பக்கத்தில் வடகறி வைத்துத் தருகிறார்கள். வைப்பது வினைதானே? தோசை சேரும்.

வாத்தியார்_ஓய்வு:
தம்பிகளா, 32 வருடம் ஆங்கிலம் நடத்தியவன் சொல்கிறேன். சூரியன் மறைந்தாலும் செட், ஜெல்லி உறைந்தாலும் செட், எலும்பு கூடினாலும் செட், கேள்வித்தாள் தயாரித்தாலும் செட். பிள்ளைகள் திணறுவது இங்கேதான். எண்ணிக்கைக்கு ஏன் சண்டை?

வைகைக்கரை:
சார், தோசைக்குப் பதில் சொல்லுங்கள்.

கொங்குத்தறி:
சேராது என்று சொல்லிவிட்டேன். அகராதியைத் திறந்து பார்க்கவே மாட்டீர்களா? போன மாதம் 'கேட்டமரான்' என்ற ஆங்கிலச் சொல் நம் கட்டுமரத்திலிருந்து போனது என்று நான் எழுதியபோது மட்டும் ஆதாரம் ஆதாரம் என்று குதித்தீர்கள். அதுவும் அதே அகராதியில்தான் இருக்கிறது. இன்றுவரை ஒரு 'சரி' வரவில்லை.

வைகைக்கரை:
பழைய கணக்கை இங்கே தீர்க்காதீர்கள். பம்புசெட், சினிமா செட், "அவனுக்கும் எனக்கும் செட் ஆகாது", இதெல்லாம் எங்கள் வாயில் ஒரே சொல்தான்.

மெரினாகாத்து:
செட் தோசைக்கு வடகறியா? பெங்களூரில் சாகு என்ற காய்கறிக் குழம்புதான் தருவார்கள்.

வைகைக்கரை:
சென்னையில் வடகறிதான்.

கொங்குத்தறி:
வடகறியோ சாகுவோ, அது பெயர்ச்சொல். 430இல் சேராது. வாத்தியார் ஐயா, நீங்களாவது சொல்லுங்கள்.

வாத்தியார்_ஓய்வு:
என் கேள்விக்கே இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

வைகைக்கரை:
தோசை சேரும்.